மரகதத்தின் சூட்டுக்கம்பியும் கறுப்பு மூடிகளும்

ஒரகடத்திலிருந்து படப்பை போகிற சாலையில், சேரப்பணஞ்சேரி திருப்பத்துக்குச் சற்று முன்னால் சின்னப்பையனின் பிளாஸ்டிக் குடோன் இருக்கிறது. தகரக் கூரை. மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் சாலை. லாரிகள் போகும்போது தரையில் கிடக்கும் வாளிகள் தானாக நகரும். வாசலை ஒட்டி ஒற்றை கேஸ் அடுப்பு, அதன்மேல் துணி சுற்றிய பிடியுடன் ஓர் இரும்புக் கம்பி. பகல் முழுக்க அது சூடாகவே கிடக்கும். அதற்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பால் கிரேட்டில் உட்கார்ந்திருப்பவர் மரகதம்.

அவர் வேலை செய்வதைப் பார்க்கச் சற்று நேரம் நின்றால் போதும், கால் நகராது. இடது கையில் ஒரு துண்டு வரும். நகத்தால் தட்டுவார். காதருகே கொண்டுபோவார். சந்தேகம் இருந்தால் கம்பி. சுர் என்று ஒரு சத்தம், ஒரு முகர்தல், முடிந்தது. இளகி நூல் நூலாக இழுபட்டால் துண்டு வலது பக்கம் பறக்கும். கருகிப் புள்ளி விழுந்தால் இடது பக்கம். இதெல்லாம் கண் இமைக்கிற நேரத்தில். பேச்சும் நிற்காது.

வலது குவியல் அரவை மிஷினுக்குப் போய், எங்கேயோ நாற்காலியாகவும் குடமாகவும் மறுபிறவி எடுக்கும். இடது குவியலுக்குக் குடோனில் ‘செத்த மால்’ என்று பெயர். உடைந்த சுவிட்ச், குக்கர் கைப்பிடி, மீட்டர் பெட்டி. அதை சிமென்ட் ஆலை லாரி வந்து அள்ளிப்போகும், சூளையில் எரிக்க.

ஏன் ஒன்று உருகுகிறது, இன்னொன்று கருகுகிறது? உருகுவதன் உள்ளே நீளநீளமான நூல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். சூடு பட்டால் வழுக்கிப் பிரியும். கருகுவதில் நூலுக்கும் நூலுக்கும் நடுவே முடிச்சு போட்டிருக்கிறார்கள். மீன்வலை போல. அதனால்தான் வெயிலும் மழையும் அதை ஒன்றும் செய்வதில்லை. அதே முடிச்சுகளால்தான் அதைத் திரும்ப உருக்கவும் முடிவதில்லை. எது நன்றாக உழைக்கிறதோ அதுவே கடைசியில் சூளைக்குப் போகிறது. மரகதத்துக்கு இது சரியாகப் பட்டதே இல்லை. “நல்ல மாலு தான் சாவுது. ஒடசல் மாலு திரும்பித் திரும்பி வருது” என்பார்.

பிறந்தது மண்ணூர். வாக்கப்பட்டது சேரப்பணஞ்சேரி. கணவர் ரகுபதி, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். குடோனுக்கு வருவதற்கு முன்னால் மரகதம் ஒரு செல்போன் கம்பெனியில் லைனில் நின்றவர். பெல்ட் நகரும், போர்டு வரும், கை போகும், அடுத்த போர்டு. அந்த வேகம் கையில் ஒட்டிக்கொண்டது. கான்ட்ராக்ட் முடிந்த அன்று கேட்டில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தார்கள். எல்லோரும் கழுத்துக் கயிற்றிலிருந்து அடையாள அட்டையை மட்டும் கழற்றி அதில் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

“கார்டைப் போட்டுட்டு வெளியே வந்தா கழுத்து லேசா இருந்துச்சி. அது நல்லா இல்ல” என்று மட்டும் சொல்வார்.

குடோனில் கிலோவுக்குக் கூலி. மழை என்றால் லோடு இல்லை, லோடு இல்லையென்றால் கூலி இல்லை. இப்படி இருக்கும்போதுதான் சின்னப்பையன் ஒரு நாள் பைக்கை நிறுத்தியும் நிறுத்தாமலும் வந்து நின்றார். பெயரில் பையன் இருந்தாலும் தலை முழுக்க நரைத்தவர்.

“மரகதம், ஒரகடத்துல ஒரு சின்ன கம்பெனி கீது. இன்னாவோ புது தினுசு பிளாஸ்டிக் பண்றாங்களாம். பழசானா அவங்களே திரும்ப வாங்கி, அதையே அச்சுல போட்டு புதுசா எடுப்பாங்களாம். பழச வாங்கிப் பிரிச்சுக் குடுக்க நம்ம குடோன்ல ஒரு ஷெட்டு கேக்குறாங்க. ஒரு ஆளுக்கு மாசச் சம்பளம், இ.எஸ்.ஐ., கார்டு, எல்லாம் உண்டு.”

“யாரு அந்த ஆளு?”

“உன் பேரத்தான் சொல்லிக்கீறேன். மொத லோடு வருது. ஒழுங்கா பிரிச்சுக் குடுத்தா வேல நமக்கு. இல்லன்னா சுங்குவார்சத்திரத்து குடோன்காரன் வாயப் பொளந்துகினு நிக்கிறான்.”

அன்று மாலை மரகதம் வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்தார். உள்ளே கிடந்த பழைய கார்டு கயிற்றை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார். ரகுபதி அதைப் பார்த்துவிட்டு, “இன்னா, மாடு வாங்கப் போறியா?” என்று கேட்டார்.

முதல் லோடு வந்தது. ஒரு தொழிற்பேட்டையின் தெருவிளக்குக் கம்பங்களில், அடியில் இருக்கும் ஒயர்ப் பெட்டியை மூடுகிற கறுப்பு மூடிகள். இட்லித் தட்டு அகலம். மூன்று கோடைகள் வெயிலில் நின்றவை. ஒரு கம்பத்துக்குக் கம்பெனியின் புது பிளாஸ்டிக், அடுத்ததற்குப் பழைய சாதா பிளாஸ்டிக் என்று மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள், எது தாங்குகிறதென்று பார்க்க. ஒரே அச்சு, ஒரே கறுப்பு. புதியவற்றின் உள்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். கழற்றியவர்கள் எல்லாவற்றையும் ஒரே கோணிகளில் கட்டி அனுப்பினார்கள். ஸ்டிக்கர் இருக்குமே என்று கம்பெனி நம்பியிருந்தது. வெயிலும் மழையும் அதைத் தின்றது கம்பெனிக்குத் தெரியாது.

சின்னப்பையனிடம் போனில் வந்த தகவல் இதுதான்: திரும்ப அச்சில் போடக்கூடியது எங்களுடையது, அதைத் தனியாக வையுங்கள், மற்றது உங்களுக்கு. அதை அவர் அப்படியே மரகதத்திடம் சொன்னார். குடோனில் யாருக்கும் இதில் குழப்பமே வரவில்லை. திரும்ப அச்சில் போடக்கூடியது என்றால் உருகுவது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மரகதம் ஒரு மூடியை எடுத்தார். தட்டினார். கம்பியை வைத்தார். கருகிப் புள்ளி விழுந்தது. அடுத்தது, அதுவும் கருகியது. எல்லா மூடிகளையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஒண்ணு கூட உருகலண்ணே. உன்ன நல்லா ஏமாத்திகினு கீறாங்க.”

மொத்த லோடும் இடது பக்கம் பறந்தது. வேறு யாராவது இருந்திருந்தால் தெரியவில்லையே என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பார்கள். இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிரித்த மூடிகளை எடுத்துப்போக ஷாரோன் வந்தது மறுநாள் மதியம். அந்தக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். வேதியியல் படித்த இளம்பெண். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. குடோன் வாசலில் இறங்கும்போது சிமென்ட் ஆலை லாரியில் பாதி ஏற்றியாகிவிட்டது. மேலே நின்றவர் கையில் ஒரு கறுப்பு மூடி.

“அண்ணா, நிறுத்துங்க! அது எங்களோடது!”

“உங்களுது ஒண்ணும் இதுல இல்ல மேடம்” என்றார் மரகதம், எழுந்திருக்காமலே. “எல்லாம் செத்த மாலு. நானே கம்பி வச்சிப் பாத்துட்டேன்.”

ஷாரோன் அந்த மூடியை வாங்கித் திருப்பினார். நடுவில் கருகிய புள்ளி. அதைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

“அக்கா, எங்களோடது உருகாது.”

“உருகாதத எப்படி அச்சுல போடுவ?”

நியாயமான கேள்வி. லாரி டிரைவர் கூட இறங்கி வந்து நின்றார், பதிலைக் கேட்க. எதிர்க்கடையில் பஜ்ஜி போடும் பாண்டிச்செல்வி, ஜல்லிக் கரண்டியோடு சாலையைத் தாண்டி வந்தார். ராஜபாளையத்துப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். குடோனில் சத்தம் கேட்டால் அவருக்குக் கடையில் இருப்புக்கொள்ளாது.

“அக்கா, எலக்ட்ரிக் ட்ரெயின்ல கூட்டத்துல நிக்கிறீங்க. எறங்கணும்னா வாசலாண்ட எப்படிப் போவீங்க?” என்றார் ஷாரோன்.

“ஒரு புடியப் புடிச்சிகினு நிப்பேன். அடுத்த புடிய எட்டிப் புடிச்சப்புறம் இத வுடுவேன்.”

“ரெண்டு கையையும் ஒரே நேரத்துல விட மாட்டீங்க?”

“வுட்டா மிதிச்சே சாவடிச்சுடுவானுங்க.”

“இதுவும் அப்படித்தான். சாதா மூடிக்குள்ள புடிச்ச கை புடிச்சதுதான். எவ்வளவு சூடு பண்ணாலும் விடாது, எரிஞ்சுதான் போகும். எங்க மூடிக்குள்ள சூடு ஏறினா ஒவ்வொரு கையும் பக்கத்துப் புடிக்கு மாறும். எப்பவும் எல்லாரும் எதையாவது புடிச்சிட்டுத்தான் இருப்பாங்க. அதனால தண்ணி மாதிரி உருகாது. ஆனா மெதுவா எடம் மாறும். அரைச்சு, சூடு பண்ணி, நல்லா அழுத்தி வச்சா இந்தத் துகள்ல இருக்கிற கை அந்தத் துகளைப் புடிச்சிக்கும். ஒரே மூடி ஆயிடும்.”

“ஆறினா?”

“மாறுறது நின்னுடும். யார் எங்க நிக்கிறாங்களோ அங்கயே.”

மரகதம் தன் கம்பியை எடுத்துப் பார்த்தார். “அப்ப இது ஏன் கருக்குச்சி?”

“கம்பி ரொம்ப சூடு அக்கா. மேல்தோலு எரிஞ்சுடுச்சி. உள்ள சூடு போறதுக்குள்ள எடுத்துட்டீங்க.”

“என் கம்பி பொய் சொல்லாது.”

“சரி மதினி, உன் கம்பி அரிச்சந்திரன்தேன்” என்றார் பாண்டிச்செல்வி. “மூடிய மொதல்ல லாரிய விட்டு எறக்குங்க.”

மூடிகளை இறக்குவது பெரிய வேலையாக இல்லை. கறுப்பு வட்டங்கள் தனியாகத் தெரிந்தன. லாரி கிளம்பியது. தரையில் மூடிகள் வரிசையாகக் கிடந்தபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. எது புதுசு, எது சாதா? எல்லாவற்றிலும் ஒரே புள்ளி.

ஷாரோன் ஒரு கோணிமேல் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை இந்த மூடிகளை வாங்கப் போகிற பெரிய கம்பெனியின் ஆட்கள் வருகிறார்கள். வெயிலில் கிடந்த பழைய மூடி அவர்கள் கண்ணெதிரே புது மூடியாக வேண்டும். சாதா மூடியும் கலந்து அரைபட்டால் அது எதையும் பிடிக்காது. சோற்றில் கல் போலக் கிடக்கும், அழுத்தினால் உதிரும். ஆய்வுக்கூடத்து இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு துண்டைத்தான் பார்க்கும். எல்லாவற்றையும் பார்க்க வாரம் ஆகும்.

“இதுக்குத்தான் நம்மள நம்பிக் குடுத்தாங்க” என்றார் சின்னப்பையன். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. மரகதம் அடுப்பை அணைத்தார். அந்த நேரத்தில் அது எரியாமல் இருந்ததை அந்தக் குடோனில் யாரும் பார்த்ததில்லை.

பிறகு ஷாரோன் பக்கம் திரும்பினார். “உங்க ஆஸ்பத்திரியில எப்படிப் பாப்பீங்க?”

“ஆஸ்பத்திரி இல்லக்கா, லேப். ஒரு சீவலை வளைச்சுக் கட்டி, ஓவன்ல சூடு பண்ணுவோம். கை மாறியிருந்தா வளைஞ்ச மாதிரியே நிக்கும்.”

“ஓவன் தான வோணும்? சூடு போதுமா, ஓவனே வேணுமா?”

ஷாரோன் நிமிர்ந்தார். “சூடு போதும். ஆனா சீரா இருக்கணும். நூத்தி எண்பது டிகிரி கிட்ட.”

மரகதம் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பாண்டிச்செல்விக்குப் புரிந்துவிட்டது. “அடியாத்தி! என் எண்ணெயவா?”

“நல்லத யாரு கேட்டா? கீழ ஊத்துறதுக்கு வச்சிகினு கீறியே, அந்தக் கறுப்ப குடு.”

கறுத்த பழைய எண்ணெய் ஒரு டின்னில் வந்தது. காது உடைந்த பெரிய வாணலியும் வந்தது. அது இனிமேல் கடைக்குத் திரும்பி வரவே கூடாது என்று ஷாரோன் சொல்ல, அதை விட்டொழிக்க நாலு வருஷமாகக் காத்திருப்பதாகப் பாண்டிச்செல்வி சொன்னார். மரகதம் அடுப்பை மறுபடி பற்றவைத்து வாணலியை ஏற்றினார். ஷாரோன் பையிலிருந்து காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி போன்ற ஒன்றை எடுத்து எண்ணெயை நோக்கிப் பிடித்தார்.

“எண்ணெய்க்குக் காய்ச்சலா தாயி?”

“இன்னும் ஏறணும்கா.”

ஷாரோன் பையில், ஒப்பிட்டுப் பார்க்க ஆபீஸ் அலமாரியிலிருந்து எடுத்துவந்த இரண்டு மூடிகள் இருந்தன. வெயில் காணாதவை. ஒன்று புதுசு, ஒன்று சாதா. வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்ததால் இரண்டிலும் சந்தேகமில்லை. முதலில் இவற்றில் பார்த்துவிடலாம் என்றார். சீவலாக நறுக்கினால் எந்தச் சீவல் எந்த மூடியுடையதென்று குழம்பும். அதனால் மரகதம் மூடியின் விளிம்பில் ரம்பத்தால் இரண்டு கீறல் போட்டார். நடுவில் ஒரு நாக்கு கிடைத்தது. விளிம்பை எண்ணெயில் முக்கினார்கள். விறைப்பாக இருந்த நாக்கு, செருப்புத் தோல் மாதிரி இளகியது. மரகதம் குறடால் அதை மேலே வளைத்து, தன் கம்பியின் மேல் மடக்கி, கட்டுக்கம்பியால் இறுக்கினார். இரண்டு மூடிகளும் ஒரே கம்பியில் தொங்கின. மறுபடி எண்ணெய். சூடு ஏறியதும் தூக்கி, மின்விசிறி முன்னால் ஆறவைத்து, கட்டை அவிழ்த்தார்.

இரண்டு நாக்குகளும் வளைந்தே நின்றன.

“ரெண்டுமே உங்களுதுதான்! நான் சொல்லல?” என்று மரகதம் கத்தினார். அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“இருங்கக்கா. சாதாவும் ஆறினா இப்படித்தான் நடிக்கும். உள்ள புடிச்ச கை மாறியிருக்காது, குளிர்ல வெறச்சுப் போயிருக்கும், அவ்வளவுதான். கட்டு இல்லாம திரும்ப சூட்டுல விட்டா நெஜம் தெரியும். சாதா பழைய மாதிரி நிமிரும். நம்மது வளைஞ்ச மாதிரியே நிக்கணும்.”

திரும்ப எண்ணெயில் விட்டார்கள். எல்லோரும் குனிந்தார்கள். சாதா மூடியின் நாக்கு மெல்ல அசைந்து, பொரிகிற அப்பளம் விரிவது போல விரிந்து, நேராக நின்றது. ஒரு மூச்சு விடுவதற்குள் புது மூடியின் நாக்கும் அதேபோல நிமிர்ந்தது.

“மதினியப் பாத்து ரெண்டும் நாக்கத் துருத்துதே!” என்றார் பாண்டிச்செல்வி.

ஷாரோன் துப்பாக்கியை மறுபடி எண்ணெயில் காட்டினார். சூடு சரியாக இருந்தது. “எப்படி?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

சின்னப்பையன் போனை எடுத்தார். “வுடுங்கம்மா. மொத்தத்தையும் கட்டிக் குடுத்துடறேன். சுங்குவார்சத்திரத்துக்காரன்கிட்ட மிஷின் கிஷின் இருக்கும். நமக்கு இது சரிப்படாது.”

மரகதம் வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ணு” என்றார். மேடம் எப்போது கண்ணு ஆனதென்று யாரும் கவனிக்கவில்லை. “உன் ட்ரெயினு ஸ்டேஷன்ல எத்தினி நேரம் நின்னுச்சி இப்ப?”

“என்னக்கா?”

“வாசலாண்ட நவுர நேரம் வோணாமா? ஒரு ஈடு பஜ்ஜி வேவுற நேரங்கூட வைக்கல. உங்க லேப்ல எவ்ளோ நேரம் வைப்பீங்க?”

ஷாரோன் தலையில் கைவைத்தார். “அரை மணிக்கு மேல.”

“அப்புறம் ஏன் எடுத்த?”

“நான் எங்கக்கா எடுத்தேன்? நீங்கதான் எடுத்தீங்க!”

மரகதம் தன் கையைப் பார்த்தார். ஆமாம், அவர்தான். குறடு அவர் கையில்தான் இருந்தது. துண்டு வரும், கை போகும், அடுத்த துண்டு. பெல்ட்டில் பழகியது, கம்பியில் ஊறியது. கம்பி வைத்தபோது நடந்ததும் இதேதான், எண்ணெயில் நடந்ததும் இதேதான்.

“இந்தா” என்று குறடை ஷாரோனிடம் நீட்டினார். “என்கிட்ட குடுக்காத. நான் கேட்டாலும் குடுக்காத.”

மறுபடி வளைத்துக் கட்டினார்கள். மறுபடி எண்ணெய். மரகதம் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு பால் கிரேட்டில் உட்கார்ந்தார். அவருக்கு அது அன்றைய தினத்திலேயே கஷ்டமான வேலை. இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் பாண்டிச்செல்வி, “ஒக்காரு மதினி, இன்னும் வேகல” என்று தோளைப் பிடித்து அமுக்கினார். சின்னப்பையன் போனைப் பையில் போட்டுவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

எடுத்தார்கள். ஆறவைத்தார்கள். கட்டை அவிழ்த்தார்கள். கட்டு இல்லாமல் மறுபடி எண்ணெயில் விட்டார்கள்.

சாதா நாக்கு அசைந்தது, விரிந்தது, நிமிர்ந்தது. பக்கத்தில் புது மூடியின் நாக்கு முறுக்கு மாதிரி வளைந்தே கிடந்தது. காத்திருந்தார்கள். அது அசையவில்லை. மரகதம் கரண்டிக் காம்பால் அதைக் குத்திப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை.

“எடம் மாறிடுச்சி” என்றார் மரகதம் மெதுவாக. “திரும்பிப் போவாது.”

அதன் பிறகு குடோனே தொழிற்சாலை ஆனது. சின்னப்பையன் ரம்பம் போட்டார். பழைய குடை ஒன்றை உடைத்துக் கம்பிகள் சேர்த்தார்கள். ஒரு ஈடு எண்ணெயில் இருக்க, ஒரு ஈடு மின்விசிறி முன்னால், ஒரு ஈடு கட்டுவதற்கு. பஜ்ஜி கேட்டு வந்தவர்கள் கடையில் ஆள் இல்லாமல் குடோனுக்குள் எட்டிப்பார்த்து, நாக்கு நீட்டுவது எது, சுருட்டுவது எது என்று பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். குறடு கடைசிவரை ஷாரோன் கையிலேயே இருந்தது.

பொழுது சாய்கிறபோது மூன்று குவியல்கள் கிடந்தன. சுருட்டியவை, நீட்டியவை, நாக்கு ஒடிந்துபோனவை. மூன்றாவது குவியலைச் சின்னப்பையன் பார்த்தார். “இதுல பாதியாவது உங்களுதா இருக்கும். சேத்து எடுத்துகினு போங்களேன், எடை கூடும்.”

“வோணாம்” என்றார் மரகதம், ஷாரோன் வாய் திறப்பதற்குள். “தெரியாதத தெரியும்னு சொல்லி ஒரு தடவ போட்டாச்சி. அது தனியா இருக்கட்டும்.”

சுருட்டிய மூடிகள் கோணியில் ஏறி, ரகுபதியின் ஷேர் ஆட்டோவில் ஒரகடம் போயின. சீட்டில் ஆள் உட்காரும் இடத்தில் கோணியை வைத்தபோது ரகுபதி முறைத்தார். “நேத்து வரிக்கும் தூக்கிக் கடாசுனத இன்னிக்கி சீட்ல ஒக்கார வச்சிகினு போறியா?”

“டிக்கெட் நான் தரேன். ஓட்டு.”

மறுநாள் மரகதத்தையும் கம்பெனிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மூடிகள் அரைபட்டுக் கறுப்பு ரவை மாதிரி வந்தன. அதை அச்சில் கொட்டி, சூடான இரண்டு தகடுகளுக்கு நடுவே பிரஸ் இறங்கியது. இறங்கி, அப்படியே நின்றது. வந்திருந்தவர்கள் கடிகாரம் பார்த்தார்கள். ஒருவர் போன் பேச வெளியே போனார். மரகதம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அச்சு திறந்தது. ஒரு மூடி. புத்தம்புது மூடியைவிடக் கொஞ்சம் பளபளப்பு கம்மி. சாய்த்துப் பார்த்தால் உள்ளே ரவை ரவையாக ஒரு சாயல். வந்திருந்த பெரியவர் அதை இரண்டு கையாலும் முறுக்கினார். தரையில் போட்டார். காலால் மிதித்தார். மரகதம் எட்டி அதை எடுத்து நகத்தால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார்.

“என்ன சொல்லுது?” என்றார் பெரியவர் சிரித்தபடி.

“ஒரே சத்தமா வருது சார். உள்ள விரிசல் இல்ல. ஆனா எத்தினி வருஷம் நிக்கும்னு இது சொல்லாது.”

“பிரிக்கிறதை யார் செஞ்சது? இதே மாதிரி மாசாமாசம் பிரிக்க முடியுமா?”

ஷாரோன் மரகதத்தைப் பார்த்தார். மரகதம் கொஞ்சம் யோசித்தார். “முடியும் சார். ஆனா அவசரப்படுத்தினா முடியாது. அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. அச்சுலயே ஒரு அடையாளம் போட்டுக் குடுங்க. வெயிலு அதத் தின்னாது.”

பெரியவர் தலையாட்டிவிட்டு, அச்சுக்காரரைக் கூப்பிடச் சொன்னார்.

இப்போது குடோனின் பின்பக்கம் ஒரு ஷெட் இருக்கிறது. புது மூடிகளில் உள்பக்கம் ஒரு வளைந்த கோடு எழும்பி நிற்கிறது. அது வருகிறவரைக்கும் போட்ட பழைய மூடிகள் இன்னும் வந்துகொண்டே இருப்பதால் வாணலிக்கும் வேலை இருக்கிறது. கறுப்பு எண்ணெய்க்குப் பதிலாகக் கம்பெனியே ஏதோ ஒரு தெளிந்த எண்ணெய் கொடுக்கிறது. வாசனை இல்லாததால் பாண்டிச்செல்வி அதை மதிப்பதில்லை. மரகதத்தின் கழுத்தில் கார்டு தொங்குகிறது, துவைத்த பழைய கயிற்றில்.

அன்று அச்சிலிருந்து வந்த முதல் மூடியை ஷாரோன் ஒரு நாள் அவரிடமே கொடுத்துவிட்டுப் போக வந்தார். வைத்துக்கொள்ளுங்கள், ஞாபகத்துக்கு, என்றார். மரகதம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத திரும்பவும் அரைச்சு அச்சுல போடலாமா?”

“போடலாம்.”

“அதுக்கப்புறம்?”

“அப்பவும் போடலாம்னு நெனைக்கிறோம்.”

“எத்தினி தடவ?”

ஷாரோன் உதட்டைப் பிதுக்கினார். “தெரியலக்கா. யாருமே அவ்வளவு தடவ செஞ்சு பாக்கல.”

மரகதம் அடுப்பில் கிடந்த கம்பியை எடுத்தார். மூடியின் உள்பக்கம், ஓரமாக, ஒரு தொடு. சுர் என்று சத்தம். கருகி ஒரு புள்ளி.

“ஞாபகத்துக்கு வூட்டுல வச்சிகினு இன்னா பண்றது? கம்பத்துல மாட்டு” என்று மூடியை ஷாரோன் கையில் திணித்தார். “திரும்ப என்கிட்டதான வரும். வந்தா, அரைச்சு எடுக்குற புதுசுல பழைய புள்ளியோட இன்னொண்ணு சேத்து வைக்கிறேன். எத்தினி தடவன்னு எண்ணிப் பாத்துடலாம்.”